தொலைந்த மட்டையும் உறைந்த ஊசியும்

பிரான்சில் மருத்துவப் பணிகளுக்குப் பயில வருகிறவர்கள் தொண்டைக்கரப்பான் (டிப்தீரியா), ஏற்புவலி (டெட்டனஸ்), இளம்பிள்ளைவாதம் (போலியோ) ஆகிய மூன்றுக்கும், அவற்றுடன் ஈரலழற்சி 'பி'க்கும், தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். பாரிஸ் புறநகர் ஒன்றில், 47 வயதில், தாதி உதவியாளர் பயிற்சிக்கு எனக்கு இடம் கிடைத்தபோது இது பெரிய விடயமாகத் தோன்றவில்லை. ஈரலழற்சி ஊசிகளைப் பிள்ளைப்பேற்றுக் காலத்திலேயே இங்கு போட்டிருந்தேன். அவற்றுக்குரிய தாளும் கையில் இருந்தது. மற்ற மூன்றுக்கும் உரிய ஊசியை, இங்குள்ளவர்கள் 'டே-தே-பே' என்று சொல்வதை, நிரூபிப்பதற்குத்தான் ஏப்ரல் தொடக்கம் யூலை வரை அலைந்தேன்.

பயிற்சி நிலையத்தின் செயலாளர் கேட்டது ஒரே கேள்வி: சிறுவயதில் போட்ட ஊசிகளுக்கான அட்டை எங்கே? 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு யாழ்ப்பாணத்தை விட்டு தென்மராட்சிக்கு நடந்தவர்களில் நாங்களும் இருந்தோம். என்னுடைய கிளினிக் மட்டை வீட்டு றங்குப்பெட்டியோடு அங்கேயே நின்றுவிட்டது; ஆறு மாதங்களின் பின் திரும்பியபோது பெட்டியும் இல்லை, அதை வைத்திருந்த அறைக்குக் கூரையும் இல்லை. நான் பிறந்த 1978 இல்தான் இலங்கையில் விரிவாக்கப்பட்ட நோய்த்தடுப்புத் திட்டம் தொடங்கியது என்றும், தொண்டைக்கரப்பான், குக்கல் (கக்குவான் இருமல்), ஏற்புவலி மூன்றுக்குமான முக்கூட்டு ஊசியைக் கிராமத்து மருத்துவிச்சியம்மா போட்டதை என் தாயார் இன்றும் நினைவில் வைத்திருக்கிறார் என்றும் சொல்லிப் பார்த்தேன். தாள் இல்லையென்றால் ஊசியும் இல்லை என்பதே பதில். முதலிலிருந்து மூன்று ஊசிகளையும் போடச் சொன்னார். அதாவது இன்று ஒன்று, இரண்டு மாதங்களில் அடுத்தது, பிறகு முதல் ஊசியிலிருந்து எட்டு மாதங்களாவது காத்திருந்து மூன்றாவது. பயிற்சியோ செப்டெம்பரில் தொடங்கவிருந்தது.

என் குடும்ப மருத்துவர் இதைக் கேட்டுச் சிரித்தார். போட்ட ஊசி எத்தனை ஆண்டுகள் கடந்தாலும் கணக்கில் இருக்கும், இடைவெளி நீண்டதற்காக யாரும் மறுபடி முதலிலிருந்து தொடங்குவதில்லை என்றார். போட்டதா இல்லையா என்றே தெரியாதவருக்கு ஒரு வழி உண்டு: குக்கலையும் சேர்த்த ஓர் ஊக்கி ஊசியை, அதாவது முன்பு போட்டதன் பலனைப் புதுப்பிக்கும் ஊசியை, போட்டுவிட்டுச் சில வாரங்களின் பின் இரத்தத்தில் ஏற்புவலிக்கு எதிரான பிறபொருளெதிரியை (நோயை எதிர்க்க உடல் உருவாக்கும் புரதத்தை) அளக்க வேண்டும். முன்பு ஊசி போட்ட உடலாக இருந்தால் அளவு சட்டென்று உயர்ந்து நிற்கும். முதன்முறையாக ஊசியைக் காணும் உடல் அப்படிக் காட்டாது.

அடுத்த தவறு முழுக்க என்னுடையது. மருந்துச் சீட்டோடு ஊசியை மருந்தகத்தில் வாங்கினேன். மருத்துவரோ விடுமுறையில் போய்விட்டார், நாள் குறித்தது ஒன்பது நாட்கள் கழித்து. ஊசியை 2 முதல் 8 பாகை வரையான குளிரில் வைக்கச் சொன்னதால், கதவுத் தட்டில் குளிர் போதாதென்று நினைத்து, குளிர்சாதனப் பெட்டியின் பின்சுவரோடு ஒட்டி வைத்தேன். ஒன்பதாம் நாள் எடுத்தபோது ஊசி இருந்த சிறு பெட்டியின் மட்டை சுவரிலிருந்த பனியோடு சேர்ந்து கிழிந்து வந்தது. உள்ளே கண்ணாடிக் குழாயில் மருந்து வெண்மையாக இறுகிக் கிடந்தது. உருகவிட்டுப் போடலாம்தானே என்று கேட்ட என்னை மருத்துவர் நிமிர்ந்து பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. இந்த ஊசிகளில் அலுமினிய உப்பு சேர்ந்திருக்கிறது. ஒருமுறை உறைந்தால் அது திரண்டு பயனற்றுப் போகும், எறிவதைத் தவிர வேறு வழியில்லை. சூடு மட்டுமே ஊசியைக் கெடுக்கும் என்று எண்ணியிருப்பவர்கள் நடுத்தட்டில், சுவரைத் தொடாமல் வைக்கவும்.

அதைவிட நல்லது, வீட்டுக்கே கொண்டுபோகாமல் இருப்பது. 2023 ஓகஸ்ட் முதல் மருந்தாளரே இந்த ஊக்கி ஊசியை எழுதிக் கொடுத்துப் போடவும் முடியும் என்பதை இத்தனை அலைச்சலுக்குப் பிறகே அறிந்தேன். உறைந்ததற்குப் பதிலான ஊசியை மருந்தகத்திலேயே பத்து நிமிடங்களில் போட்டார்கள். கை இரண்டு நாட்கள் கனத்தது, அவ்வளவுதான். ஊசியின் பெயர், திகதி, தொகுதி எண் மூன்றையும் புதிய அட்டையில் எழுதுவித்து முத்திரையும் கேட்டு வாங்கினேன். அட்டை விடயத்தில் இனி எவரையும் நம்புவதாக இல்லை.

ஆறு வாரங்களின் பின் கொடுத்த இரத்தத்தில் பிறபொருளெதிரி தாராளமாக இருந்தது. ஆனால் ஆய்வுகூடத் தாளோடு செயலாளரிடம் போனது இன்னொரு வீண் பயணம்: எண்களைத் தாம் வாசிப்பதில்லை, மருத்துவர் கையொப்பமிட்ட சான்றிதழே வேண்டும் என்றார். மறுவாரம் அதையும் நீட்டினேன். ஒன்றும் சொல்லாமல் கோப்பில் செருகினார். இங்கு ஊக்கி ஊசிகள் 25, 45, 65 என்று வயதுக்கணக்கில் வருவதால் அடுத்ததற்கு 18 ஆண்டுகள் இருக்கின்றன.

அன்று மாலை அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். "நான் அப்பவே சொன்னனான்தானே, உனக்குப் போட்டதெண்டு. மருத்துவிச்சியம்மா வர நீ வேலிக்குள்ளாலை ஓடினது எனக்கு மறக்குமே?" என்றார்.