அம்பாசடருக்குப் பட்டை மாற்றிய கதை

ஜூலை 26, சனி

ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது பின்னால் இடது பக்கம் ‘கர்ர்’ என்று ஓர் உரசல். இருபது கொண்டை ஊசி வளைவிலும் கவனித்தேன். வலப்பக்கம் ஒடிக்கும்போது மட்டும்தான் வருகிறது. வண்டியில் ஐந்து பேர், டிக்கியில் ஒரு மூட்டை பேரிக்காய். அடிவாரத்தில் நிறுத்திப் பார்த்தால் டயரின் ஓரத்தில் மட்கார்டு கீறிய கோடு, பிளேடால் இழுத்த மாதிரி.

ஜூலை 27, ஞாயிறு

வாசலில் சமமான இடத்தில் நிறுத்தி, சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்து அளந்தேன். வலதைவிட இடது நாலு சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறது. பாயை விரித்து அடியில் புகுந்தேன். பின்பக்க பாரத்தைத் தாங்கும் லீஃப் ஸ்பிரிங், அதாவது அடுக்காக இருக்கும் இரும்புப் பட்டைகளில் மூன்றாவது பட்டை, அடுக்கை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட்டை ஒட்டி உடைந்திருந்தது. உடைந்த முகத்தில் பாதி துருப்பிடித்துக் கறுத்திருக்கிறது, பாதி பளபளவென்று புதுசு. அதாவது விரிசல் எப்போதோ விழுந்திருக்கிறது. மிச்சம் நேற்று மலையில் விட்டிருக்கிறது.

பட்டையின் பின் நுனியை வண்டியோடு கோக்கும் ஷேக்கிளில், போல்ட்டைச் சுற்றி இருக்கும் புஷ்ஷின் ரப்பரும் பிதுங்கி வெளியே வந்துவிட்டது. போன வருஷம் புஷ் மாற்றியதாகச் சொல்லி ஒரு ஒர்க்‌ஷாப்பில் காசு வாங்கினார்கள். நட்டு மேல் இருக்கும் மண்ணைப் பார்த்தால் பத்து வருஷமாக அதில் ஸ்பேனர் பட்டிருக்காது. சரி, இனி நாமே செய்வோம்.

ஜூலை 30, புதன்

அம்பாசடர் உற்பத்தி 2014-ல் நின்றுவிட்டது. ஆனால் சேலம், சங்ககிரி, நாமக்கல் என்று லாரிக்காரர்கள் நிறைந்த பக்கம் இது. பட்டை வேலை தெரிந்தவர்களுக்கா பஞ்சம்? கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி, “ஒத்தப் பட்டையா, செட்டா?” ஒரு பக்கம் மட்டும் புதுசு போட்டால் பழைய பக்கம் தாழ்ந்து நிற்கும், வண்டி நேராக நிற்காது என்றார். இரண்டு பக்கத்துக்கும் செட், புஷ், பட்டையை ஆக்ஸிலோடு (சக்கர அச்சு) கட்டும் யூ போல்ட் எல்லாம் வாங்கினேன். முறுக்கி முறுக்கி இழுபட்ட பழைய யூ போல்ட்டைத் திரும்பப் போடக் கூடாது. மொத்தம் எவ்வளவு ஆயிற்று என்று வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 2, சனி

பக்கத்து வீட்டு அண்ணன் முப்பது வருஷம் லாரி ஃபிட்டராக இருந்தவர். ஜாக்கி வைக்கும் முன்பே வந்துவிட்டார். “ஹேண்ட் பிரேக்கை நம்பாதீங்க தம்பி, அது பின் சக்கரத்தைத்தான் புடிக்கும். அதையே தூக்கப் போறீங்க.” முன் சக்கரங்களுக்கு இரண்டு புறமும் கல் கொடுத்தோம். தூக்கிய வண்டியைத் தாங்கும் ஸ்டாண்டுக்குப் பதில் ஹாலோ பிளாக் வைக்கலாமா என்று கேட்டதற்கு முறைத்தார். பாரம் ஏறினால் அது சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கிவிடுமாம். ஸ்டாண்டு பாடிக்கு, ஜாக்கி ஆக்ஸிலுக்கு. ஆக்ஸிலைத் தனியாக ஏற்றி இறக்க முடிந்தால்தான் வேலை நடக்கும்.

நேற்று இரவே டீசல் ஊற்றி வைத்திருந்தும் ஒரு யூ போல்ட் நட்டு அசையவில்லை. ஆக்ஸா பிளேடால் அறுத்தேன். பட்டையின் முன் நுனி வளையத்தில், அதாவது முன் கண்ணில், இருக்கும் போல்ட் புஷ்ஷின் இரும்புக் குழாயோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. சாயந்திரம் வரை தட்டினேன். தெரு முழுக்கச் சத்தம், எனக்குக் கை வலி, அதோடு சரி.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பெருக்கு. மேட்டூருக்கு வீட்டில் எல்லோரும் பஸ்ஸில் போனார்கள். “வீட்டுல காரை வச்சுக்கிட்டு பஸ்ல போறோம்” என்பதை மனைவி மூன்று முறை சொல்லிவிட்டுத்தான் படியிறங்கினாள்.

ஒன்பது மணிக்கு அந்தப் போல்ட் ‘டங்’கென்று விட்டது. அந்தச் சத்தத்துக்கு ஈடு இல்லை.

புதுப் பட்டை வில் மாதிரி நன்றாக வளைந்திருக்கும். அதனால் முன் கண்ணை மாட்டியபின் பின் கண் ஷேக்கிளுக்கு எட்டாது. பட்டை பாரத்தில் தட்டையாகும்போது நீளும். அந்த நீட்டத்துக்கு இடம் கொடுக்கத்தானே பின்னால் ஆடும் ஷேக்கிளே இருக்கிறது. அடியில் ஜாக்கி கொடுத்து மெதுவாக ஏற்றினேன்; கண் நகர்ந்து வந்தது. அப்புறம் சென்டர் போல்ட்டின் தலை ஆக்ஸில் மேடையின் குழியில் உட்கார வேண்டும். ஒரு நூல் தள்ளியிருந்தாலும் ஏறாது. விரலால் தடவித் தடவி, கடப்பாரையால் ஆக்ஸிலை நெம்பி, நாலாவது தடவை ‘டப்’ என்று உட்கார்ந்தது.

எல்லா நட்டையும் இறுக்கிவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தபோது அண்ணன் வந்து குனிந்து பார்த்தார்.

“தொங்கவிட்டே முறுக்கிட்டீங்களா?”

“ஏனுங்ணா?”

கையில் இருந்த பழைய புஷ்ஷைத் திருகிக் காட்டினார். போல்ட்டை இறுக்கினால் புஷ்ஷின் உள்குழாய் பிடித்துக்கொள்ளும், ரப்பர் அந்த நிலையிலேயே நிற்கும். வண்டியைக் கீழே இறக்கியதும் கண் திரும்பும், ரப்பர் முறுக்கிக்கொள்ளும். ஓடும் நேரமெல்லாம் அந்த முறுக்கோடுதான் ஓடும், சீக்கிரமே கிழிந்துவிடும். வீட்டில் வேலை செய்கிறவர்கள் பலர் கோட்டை விடுவது இங்கேதான் என்று இப்போது தோன்றுகிறது. நட்டு இறுக்கமாக இருக்கிறதா என்று பார்ப்போம், எந்த நிலையில் இறுக்கினோம் என்று பார்க்க மாட்டோம்.

கண் போல்ட்டையும் ஷேக்கிளையும் தளர்த்தினேன். சக்கரம் மாட்டி, தரையில் இறக்கி, டிக்கியை நாலு தடவை அமுக்கி ஆட்டிவிட்டு, மறுபடி அடியில் படுத்து இறுக்கினேன். இருட்டிவிட்டது. பொண்ணு மேட்டூரிலிருந்து வந்து டார்ச் பிடித்தாள், பாதி நேரம் என் முகத்துக்கு.

ஆகஸ்ட் 9, சனி

வலது பக்கம். இடதுக்கு இரண்டு நாள், இதற்கு மூன்றே மணி நேரம். எழுத ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஏற்காடு போய்வந்தோம், அதே ஐந்து பேர். இருபது வளைவிலும் உரசல் இல்லை. ஆனால் பின்பக்கம் வாலைத் தூக்கிய கோழி மாதிரி நிற்கிறது, பள்ளத்தில் தூக்கியும் போடுகிறது. “முன்னாடி மெத்து மெத்துன்னு இருந்துச்சே” என்கிறாள் மனைவி. உடைந்த பட்டையின் சுகம் அது என்று சொல்லவில்லை.

ஆகஸ்ட் 16, சனி

நூறு கிலோமீட்டர் தாண்டிவிட்டது. பட்டைகள் ஒன்றன் மேல் ஒன்று படிந்தபின் யூ போல்ட் தளரும் என்று அண்ணன் சொல்லியிருந்தார். எட்டு நட்டிலும் ஸ்பேனர் போட்டேன், ஏழு நட்டு தலா கால் சுற்று வாங்கின, ஒன்று அரைச் சுற்று. டேப் வைத்து அளந்தேன். இரண்டு பக்கமும் அரை சென்டிமீட்டருக்குள்.

பழைய பட்டைகளை அண்ணன் கேட்டார். பட்டறையில் கொடுத்தால் தேங்காய் வெட்ட நல்ல அரிவாள் ஆகுமாம். உடைந்ததையும் சேர்த்துத் தூக்கிக் கொடுத்தேன்.