பச்சைத் தண்ணீர்

காலையில் எண்ணூர் முகத்துவாரம் பக்கம் போயிருந்தேன். ஓரத்துத் தண்ணீர் கீரை மசியல் மாதிரி கிடந்தது. கையை விட்டால் வழவழவென்று ஒட்டுகிறது. "ராவுல மூச்சு முட்டித்தான்பா மீனு மிதக்குது" என்றார் வலையை உதறிக்கொண்டிருந்த அண்ணன். சரியாகத்தான் சொன்னார். சாக்கடையில் வரும் நைட்ரஜனும் பாஸ்பரசும்தான் பாசிக்குச் சோறு. ராத்திரியில் அது ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். செத்து அழுகும்போது மிச்சத்தையும் காலி செய்துவிடும்.

யாரிடம் சொல்வது? கழிவுநீர் ஒரு துறை, கால்வாய் இன்னொரு துறை. அரசின் 1996 கடலோர வரைபடத்தில் பாதுகாக்கப்பட்ட பகுதியாக இருந்த இந்தக் கழிமுகம், 2017-ல் தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கிய வரைபடத்தில் காணவே காணோம். (அழிரப்பர் எந்தக் கடையில் வாங்கினார்களோ!)

அண்ணன் வலையில் நாலு கெளுத்தி. இரண்டை முகர்ந்து பார்த்துவிட்டுத் தண்ணீரிலேயே வீசினார்.