வேணும்னே தோக்கற டீமுக்கு டேக் போட்டவன் சொல்றது

ஒரு ஹாக்கி டீம் மறுபடி எழுந்து வரணும்னா ரெண்டு மூணு சீசன் வேணும்னே தோத்துட்டு வரலாமா, இந்த ஒரு கேள்விய வச்சு ஆபீஸ் கேப்ல நாங்க போட்ட சண்டை கொஞ்சநஞ்சம் இல்லைங்க. நான் சொல்றது ஐஸ் ஹாக்கி. கொழிஞ்சாம்பாறைக்காரனுக்கும் ஐஸ் ஹாக்கிக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டா, சம்பளம்தான் சம்பந்தம். வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டி கோயமுத்தூர் பக்கம் ஒரு ஆபீஸ், அங்க அமெரிக்கா கனடா மேட்ச் வீடியோவ ஃப்ரேம் ஃப்ரேமா ஓட்டி யாரு பாஸ் குடுத்தான், யாரு ஷாட் அடிச்சான், யாரு நடுவுல விழுந்து தடுத்தான்னு டேக் போடணும். அங்க ராத்திரி ஏழு மணி மேட்ச்னா குளிர்காலத்துல நமக்கு விடிகாலை அஞ்சரை. அதனால நாலு மணிக்கே கேப் வந்துரும், கேப்ல சித்தூர்க்கார சேட்டன் ஒருத்தர், வழியில கே.ஜி.சாவடில ஏறற, நாங்க போட்ட டேக்க செக் பண்ற க்யூசி அக்கா, அப்புறம் டிரைவர் அண்ணன், அவரு செவன்ஸ், அதாவது பக்கத்துக்கு ஏழு பேர் ஆடற ஃபுட்பால் பைத்தியம்.

விஷயம் இதுதான். அமெரிக்கா கனடாவோட பெரிய ஹாக்கி லீக் என்ஹெச்எல்ல மொத்தம் 32 டீம், ஆளுக்கு எண்பதுக்கு மேல மேட்ச். வருஷா வருஷம் புதுப் பசங்கள எடுக்கற டிராஃப்ட்ல கீழ இருக்கற டீமுக்குத்தான் முன்னுரிமை. ஏழைக்கு முதல் பந்தினு வச்சா, நாலு பேரு ஏழை வேஷம் போடத்தானே செய்வான்? 1984ல பிட்ஸ்பர்க் டீம் அதத்தான் பண்ணுச்சு. அந்த வருஷம் மாரியோ லெம்யூனு ஒரு பையன் வரப்போறான்னு ஊருக்கே தெரியும். சீசன் முடியற நேரத்துல ராண்டி கார்லைல்னு நல்ல டிஃபன்ஸ்காரர வித்தாங்க, நல்லா பிடிச்சிட்டிருந்த கோலி (கோல் காக்கறவர்) ராபர்ட்டோ ரொமானோவ கீழ் லீகுக்கு அனுப்பிட்டு வேற ஆள கூட்டிட்டு வந்தாங்க. கடைசில 38 பாயிண்ட், நியூஜெர்சிக்கு 41. மூணே பாயிண்ட்ல கடைசி எடம், லெம்யூ வந்தாச்சு, 1991லயும் 92லயும் கோப்பை. இப்படி வேணும்னே தோக்கறதுக்குப் பேரு டேங்கிங், அது சரிதான்னு சொல்றவங்க எல்லாரும் இந்தக் கதையிலதான் ஆரம்பிப்பாங்க, சேட்டனும் அப்படித்தான்.

ஆனா 1993ல ஒட்டாவா கதைய அவரு சொல்லமாட்டாரு. ஒட்டாவாவும் சான் ஹோசேவும் ஆளுக்கு 24 பாயிண்ட், ஒரு ஜெயிப்பு கம்மியா இருந்ததால ஒட்டாவா கடைசி. முதல் ஆளா அலெக்ஸாண்டர் டேக்ல எடுத்தாங்க, அந்தப் பையன் பெருசா ஒண்ணும் சோபிக்கல. ரெண்டாவதா ஹார்ட்ஃபோர்டு எடுத்த கிறிஸ் ப்ரோங்கர் ஹால் ஆஃப் ஃபேம் வரைக்கும் போயிட்டாரு. இதுல ஒட்டாவா வேணும்னே தோத்துச்சான்னு லீக் விசாரணை வேற, ஒரு லட்சம் டாலர் ஃபைன் வேற. 1995லருந்து குலுக்கல் கொண்டுவந்துட்டாங்க, கடைசில வந்தாலும் முதல் ஆளு உறுதி இல்லை. இப்போ கடைசி டீமுக்கு 25.5 சதவீதம்தான் வாய்ப்பு. அதாவது நாலுல மூணு தடவை வேற எவனோ தூக்கிட்டுப் போவான்.

பஃபலோ கதைதான் எனக்கு வயித்தெரிச்சல். 2014-15 சீசன், கானர் மெக்டேவிட்ங்கற பையனுக்காக. நல்லா பிடிச்ச கோலி ரெண்டு பேரையும் (என்ராத், நாய்விர்ட்) அந்த ஒரே சீசன்ல வித்துட்டாங்க. அந்த சீசன்ல மார்ச் 26ம் தேதி பஃபலோல நடந்த அரிசோனா மேட்ச எங்க ஆபீஸ்ல புதுசா வர்றவங்களுக்கு ட்ரெய்னிங்ல குடுப்பாங்க. ரெண்டுமே கடைசி எடத்துக்குப் போட்டி போட்ட டீம். ஓவர்டைம்ல அரிசோனாவோட சாம் காக்னர் கோல் போட்டு 4-3னு முடிச்சாரு, உடனே பஃபலோ ரசிகருங்க எழுந்து கத்தறாங்க, சந்தோஷத்துல. புதுசா வந்த பொண்ணு ஒண்ணு ஹெட்ஃபோன்ல அந்தச் சத்தத்தக் கேட்டு பஃபலோ கோல்னு டேக் போட்டுருச்சு. அக்கா திருத்திட்டு, உன் மேல தப்பில்ல கண்ணு, அந்த ஊர்க்காரங்களுக்கே அன்னைக்கு எந்தப் பக்கம்னு தெரியலன்னாங்க.

சரி, இவ்வளவு பண்ணி கடைசில வந்தாங்களே, மெக்டேவிட் கிடைச்சாரா? 11.5 சதவீதம் வாய்ப்பு இருந்த எட்மன்டனுக்குப் போயிட்டாரு. பஃபலோவுக்கு ரெண்டாவது ஆளா ஜாக் ஐக்கெல், அவரும் லேசுப்பட்ட ஆளில்ல. அதுக்கு முந்தின வருஷமும் கடைசி, அப்ப ரெண்டாவதா சாம் ரைன்ஹார்ட். 2015 டிராஃப்ட் அன்னைக்கே ரயன் ஓரைலினு ஒரு அனுபவஸ்தரையும் வாங்கிப் போட்டாங்க. பேப்பர்ல பாத்தா அசத்தல் டீம். 2018 சீசன் முடிஞ்சதும் ஓரைலி, எங்க ட்ரெஸ்ஸிங் ரூம்ல தோல்வி பழகிப்போச்சு, எனக்கு ஆட்டத்து மேல இருந்த ஆசையே அப்பப்ப விட்டுப்போச்சுங்கற மாதிரி பேசினாரு. உடனே செயின்ட் லூயிஸுக்கு வித்துட்டாங்க. அந்த செயின்ட் லூயிஸ் 2019 ஜனவரி தொடக்கத்துல லீக்லயே கடைசி, ஆனா அவங்க சீசன விட்டுக்குடுக்கல, ஜூன்ல கோப்பைய தூக்கினாங்க, ப்ளேஆஃப்ல (சீசன் முடிஞ்சு கோப்பைக்கு ஆடற சுற்று) சிறந்த வீரர் யாருன்னா ஓரைலி! ஐக்கெல் வேகாஸ் போயி 2023ல கோப்பை, ரைன்ஹார்ட் ஃப்ளோரிடா போயி 2024லயும் 25லயும் கோப்பை. பஃபலோ மட்டும் 2011க்கு அப்புறம் 2025 வரைக்கும் பதினாலு சீசன் ப்ளேஆஃப் வாசப்படிய மிதிக்கல.

எடுத்த ஆளுங்கள்ல குறையில்லைங்க, ரூம்லதான் குறை. நான் 2022-23ல சிகாகோ மேட்ச் நிறைய டேக் போட்டேன். டெப்ரின்கட்ட வித்தாச்சு, டாக்க வித்தாச்சு, பிப்ரவரி கடைசில பேட்ரிக் கேனையும் நியூயார்க்குக்கு அனுப்பியாச்சு, அடுத்த டிராஃப்ட்ல வரப்போற கானர் பெடார்டுக்கு ரெடி ஆகறாங்கன்னு சின்னப் புள்ளைக்கும் தெரியும். ஆனா ஃப்ரேம் ஃப்ரேமா பாக்கறவனுக்குத் தெரியற ஒண்ணு இருக்கு, ஐஸ் மேல எவனும் தோக்கறதுக்கு ஆடறதில்ல. மூணு கோல் பின்னாடி, ரெண்டு நிமிஷந்தான் பாக்கி, மூணாவது ஜோடில வர்ற பேர் தெரியாத டிஃபன்ஸ்காரன் ஒருத்தன் முட்டி போட்டு சறுக்கிட்டு வந்து பக்க விலாவுல வாங்கிட்டு, எழுந்திரிக்க முடியாம ஒரு கைய ஐஸ்ல ஊணிட்டு அப்படியே மறுபடி ஷாட் லைனுக்கு நகர்றான். நான் ‘ப்ளாக்’னு டேக் போட்டுட்டு அடுத்த ஃப்ரேமுக்குப் போயிட்டேன். அவனுக்கு அடுத்த வருஷம் கான்ட்ராக்ட் வேணும், பெடார்ட் வந்தா போறது அவன் வேலைதானே. தோக்கறது மேல ஆபீஸ் ரூம்ல முடிவாகுது, அடி வாங்கறது கீழ இருக்கறவன். (சிகாகோவுக்கு பெடார்ட் கிடைச்சாரு, கடைசி எடத்துல இருந்த அனஹைமுக்குக் கிடைக்கல, அது வேற வேடிக்கை.)

இதெல்லாம் எனக்கு இவ்வளவு உறைக்கறதுக்குக் காரணம் முன்னாடி நான் இருந்த எடம். இதே டேக்கிங் வேலைதான், வேற கம்பெனி. ஆள் பத்தல, கேட்டாலும் குடுக்கல, அப்ப எங்க மேனேஜர் ஒரு ப்ளான் போட்டாரு. ஓவர்டைம் யாரும் பாக்காதீங்க, ரெண்டாவது செக்கிங்க நிறுத்திருங்க, அக்யூரசி விழுந்தா விழட்டும், ஸ்கோர்கார்டு செவப்பானாத்தான் மேல ஆள் குடுப்பாங்கன்னாரு. தப்பா வேலை பாருங்கன்னு வாயத் தொறந்து சொல்லவே இல்ல, ரொமானோவ கீழ அனுப்பின மாதிரிதான், கோல விடுன்னு யாருகிட்டயும் சொல்லவேண்டியதில்ல, கோலிய மாத்தினா போதும். அங்க இருந்த ஒரு சீனியர் அக்கா மட்டும் சாப்பாட்டு நேரத்துல டிஃபன் பாக்ஸ திறந்து வச்சுட்டு ஒரு கைல சாப்பிட்டுட்டே மத்தவங்க டேக்க திருத்துவாங்க. ஏங்கா, வேண்டாம்னுதானே சொல்லிருக்காருன்னேன். தப்பா போறத பாத்துட்டு சும்மா உக்கார முடியலடான்னாங்க. அப்புறம் ஒரு மீட்டிங்ல, ஸ்கோர் ஏன் இன்னும் விழமாட்டேங்குதுன்னு அவங்களையே கேட்டாரு அந்த மனுஷன். அடுத்த மாசமே பேப்பர் போட்டுட்டாங்க.

ப்ளான் பலிச்சுது, அதச் சொல்லணும். ஸ்கோர் செவப்பாச்சு, புது ஆளுங்க ஒரு பேட்ச் வந்தாங்க, நல்ல சூட்டிகையான பசங்க. ஆனா ஷாட் போற வழில இன்னொருத்தன் ஸ்டிக் லேசா பட்டுச்சா இல்லையான்னு எப்படி கண்டுபிடிக்கறது, ஜெர்சி நம்பர் மறைஞ்சிருந்தா ஸ்டிக் எந்தக் கைப்பக்கம் பிடிச்சிருக்கான், டேப் என்ன கலர்னு வச்சு ஆள எப்படி அடையாளம் பாக்கறது, இதெல்லாம் மேனுவல்ல இல்ல, அந்த அக்கா தலைக்குள்ள இருந்துச்சு. பசங்க எங்ககிட்ட என்ன கத்துக்கிட்டாங்கன்னா, செக்கிங் வராது, அதனால டக்குனு முடிச்சிரலாம்ங்கறத. அதுக்கப்புறம் செக்கிங் திரும்ப வந்தும் அது போகல.

அதுக்காக டேங்கிங்கே ஆகாதுன்னு நான் சொல்ல வரல. சிகாகோ 2006ல டேவ்ஸ், 2007ல கேன்னு எடுத்து மூணு கோப்பை அடிச்சதும் உண்மை. ஆனா அதே டீமோட டிஃபன்ஸ் தூண் டங்கன் கீத் 2002ல 54வது ஆளா வந்தவரு. டெட்ராய்ட்டோட ஸ்டாருங்க டட்ஸ்யூக் 171வது, ஜெட்டர்பெர்க் 210வது. எட்மன்டன் ஆறு வருஷத்துல நாலு தடவை முதல் ஆள எடுத்தும் 2024லயும் 25லயும் ஃபைனல்ல தோத்துச்சு. என்னக் கேட்டா, வயசான ஸ்டாருங்கள வித்து டிராஃப்ட் பிக் வாங்கறது வியாபாரம், தாராளமா பண்ணட்டும். கோலியையும், ரூம்ல சின்னப் பசங்களுக்குச் சொல்லிக் குடுக்கற நாலு பேரையும் மட்டும் விக்கக்கூடாது, கீழ போனா போறாங்க.

டிரைவர் அண்ணனுக்கு இந்த விவாதமே புரியல. செவன்ஸ்ல ரெண்டு மேட்ச் சும்மா ஆடினா அடுத்த டூர்ணமென்டுக்கு எவன் கூப்பிடுவான், தோத்தவனுக்குப் பரிசு குடுக்கறது என்ன கணக்கு தம்பின்னு கேட்டாரு. பொம்பளைங்க லீக் பிடபிள்யூஹெச்எல்ல 2024ல ஆரம்பிச்சப்பவே இதுக்கு ஒரு வழி வச்சாங்க, ப்ளேஆஃப் வாய்ப்பு போன டீம் அதுக்கப்புறம் எத்தனை பாயிண்ட் எடுக்குதோ அத வச்சுத்தான் டிராஃப்ட் வரிசைன்னு சொன்னேன். அண்ணனுக்கு அது பிடிச்சுப்போச்சு. சேட்டன் விடல, அப்ப நிஜமாவே வக்கில்லாத டீம் என்ன பண்ணும்னாரு. சீக்கிரம் வெளிய போறவனுக்குத்தானே பாயிண்ட் சேக்க அதிக மேட்ச் பாக்கி இருக்குன்னேன். அப்ப ஜனவரிலயே வெளிய போறதுக்குத் தோப்பானுங்கடான்னு சிரிக்கறாரு. தோக்கலாம், ஆனா மிச்ச சீசன ஜெயிச்சாகணும்ல சேட்டா, கோலிய வித்துட்டு என்ன பண்ணுவாங்கன்னேன். செக்போஸ்ட்ல வண்டிய நிறுத்திட்டாங்க, அவரு பதில் சொல்லாம ஐடி கார்டத் தேட ஆரம்பிச்சுட்டாரு.