சங்கிலி இல்லாத வண்டிக்குக் கம்பி வீல்

மாமா ஜெர்மனியிலிருந்து ஊர் திரும்பியபோது கூடவே கொண்டுவந்த பி.எம்.டபிள்யூ ஆர் 80/7 பைக் இப்போது என்னிடம் இருக்கிறது. 797 சிசி. சிலிண்டர் இரண்டும் இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டிருக்கும். செயின் கிடையாது, பின் வீலைத் தாங்கும் கையான ஸ்விங் ஆர்மின் வலது பக்கக் குழாய்க்குள் ஒரு ஷாஃப்ட் சுழன்று பின் வீலை ஓட்டும். கும்பகோணத்தில் எந்த டீக்கடையில் நிறுத்தினாலும் ஒருவராவது குனிந்து பார்த்து, "செயின் எங்க சார்?" என்று கேட்காமல் விட மாட்டார்.

போன தை மாதம் அரசலாற்றங்கரைச் சாலையில், ராத்திரி நேரம், மதகை ஒட்டிய ஒரு பள்ளத்தில் பின் வீல் இறங்கி ஏறியது. ஒன்றும் ஆகவில்லை என்றுதான் நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கழுவும்போது அலாய் வீலின் ஓரத்தில் தலைமுடி மாதிரி ஒரு கீறல். நகத்தை வைத்து இழுத்தால் தட்டியது. அந்தக் காலத்து அலாய் என்பதால் உள்ளே ட்யூப். அதனால் காற்று இறங்கவே இல்லை. ட்யூப்லெஸ் ஆக இருந்திருந்தால் காற்றே காட்டிக்கொடுத்திருக்கும்.

ஆர்கான் வெல்டிங் வைத்துவிடலாம் என்று இரண்டு பேர் சொன்னார்கள். ஓடுகிற வீலில் ஒட்டுப்போட எனக்குத் துணிச்சல் இல்லை. இந்த மாடல் ஆரம்பத்தில் கம்பி வீலோடுதான் வந்தது, அலாய் பிறகுதான். சரி, பழையபடியே கம்பிக்குப் போய்விடலாம் என்று முடிவு செய்தேன். ஜெர்மனியில் இருக்கும் மாமா மகன் விடுமுறைக்கு வரும்போது, பழைய வீல் ஒரு ஜோடியை டயர் இல்லாமல் அட்டைப்பெட்டியில் போட்டு லக்கேஜோடு கொண்டுவந்து கொடுத்தான்.

முன் வீல் 19 அங்குலம், பின் வீல் 18. ஒவ்வொன்றிலும் நடு ஹப்பிலிருந்து ரிம்முக்கு 40 கம்பி. ரிம் இரண்டும் அலுமினியம், நன்றாகவே இருந்தன. கம்பிகள்தான் துருவேறி, கம்பி நுனியை ரிம்மில் பிடிக்கும் நிப்பிள்கள் கல்லாகப் பிடித்துக்கொண்டிருந்தன. மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தேன், சூடு காட்டிப் பார்த்தேன். கடைசியில் ஒவ்வொரு வகைக் கம்பியிலும் இரண்டு சாம்பிளை மட்டும் பத்திரமாகக் கழற்றிக்கொண்டு, மிச்சத்தைக் கட்டரால் வெட்டித் தள்ளினேன். அங்கேதான் ஒரு தப்பு செய்தேன். அது பிறகு.

சாம்பிளைக் கொடுத்து ஒரு பட்டறையில் ஸ்டெயின்லெஸ் கம்பி செய்யச் சொன்னேன். அளவு கச்சிதம். ஆனால் நிப்பிள் ஏறும் மரையை டை என்ற வெட்டும் அச்சை வைத்து வெட்டியிருந்தார்கள். வெட்டினால் அந்த இடத்தில் கம்பி மெலிந்துபோகும். முன் வீலை முறுக்கும்போது பதினோராவது கம்பி மரையிலேயே 'டக்' என்று போனது. ஸ்போக் கம்பிக்கு மரையை உருட்டி எடுக்க வேண்டும். உலோகம் குறையாது, பிதுங்கி மரையாகும். வெட்டிய மரை கம்பியைவிடப் பருமனாக இருக்காது, உருட்டிய மரை கொஞ்சம் பருத்திருக்கும். விரலால் தடவினாலே தெரியும். சென்னையில் சொல்லி, உருட்டிய மரையோடு மறுபடி 80 கம்பி வரவழைத்தேன். அதற்கே மூன்று வாரம் ஓடிவிட்டது.

கம்பி கட்டினது எங்கள் பக்கத்துச் சைக்கிள் கடை பாய். நாற்பது வருஷமாகப் புல்லட்டுக்குக் கோட்டம் எடுப்பவர். ஸ்பேனரால் கம்பியை ஒவ்வொன்றாகத் தட்டி, சத்தத்தை வைத்தே எது தளர்ச்சி என்று சொல்லிவிடுவார். சாக்பீஸைப் பிடித்து ரிம்மைச் சுழற்றி, பக்க ஆட்டம், மேல் கீழ் ஆட்டம் இரண்டையும் ஒரு மில்லிக்குள் கொண்டுவந்தார். பார்க்கவே அழகாக இருந்தது.

பின் வீலை மாட்டினால், டயர் ஷாஃப்ட் குழாயை ஏறக்குறைய உரசிக்கொண்டு நின்றது.

"தம்பி, நான் ஹப்புக்கு நடுவுலதான் நிறுத்துனேன். எந்தப் பக்கம் தள்ளி நிக்கணும்னு நீங்க சொல்லலையே" என்றார் பாய். நியாயம்தான். ஒரு பக்கம் பிரேக் டிரம், ஷாஃப்ட்டோடு கோர்க்கும் பல் எல்லாம் இருக்கும் ஹப்பில் ரிம் சரிபாதியில் உட்காரும் என்று நம்பக் கூடாது. பழைய கம்பியை வெட்டும் முன்பே ரிம் எங்கே நிற்கிறது என்று அளந்து எழுதியிருக்க வேண்டும். அதைத்தான் நான் செய்யவில்லை.

நல்லவேளை, கீறல் விட்ட அலாய் வீல் கையில் இருந்தது. அதைத் திரும்ப மாட்டி, ரிம் ஓரத்துக்கும் ஸ்விங் ஆர்முக்கும் உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் அளந்தேன். அலாய் ரிம் கம்பி ரிம்மைவிட 9 மி.மீ. அகலம். ஓரத்தை ஓரத்தோடு பொருத்தினால் தப்பாகிவிடும். நடுக்கோடுதான் பொருந்த வேண்டும். ஆகவே பக்கத்துக்கு நாலரை மில்லி சேர்த்துக் கணக்குப் போட்டதில், ரிம் 6 மில்லி இடது பக்கம் வர வேண்டும் என்று வந்தது. பாய் ஒரு பக்கத்து 20 கம்பியைக் கால் கால் சுற்றாகத் தளர்த்தி, மறுபக்கத்து இருபதை அதே அளவு இறுக்கினார். அரை நாள் வேலை. கூலி கேட்கவே மாட்டேன் என்றார், வற்புறுத்திக் கொடுத்தேன்.

இவ்வளவுக்கும் நடுவில் எல்லோரும் கம்பியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். என் பயமெல்லாம் ஹப்புக்குள் இருக்கும் பல்லில். இந்த வண்டியில் எஞ்சின் சக்தி முழுவதும் அந்தப் பல் வழியாகத்தான் வீலுக்குப் போகிறது. நல்ல பல் என்றால் மேல்பக்கம் தட்டையாக இருக்கும். தேய்ந்தது ரம்பம் மாதிரி ஒரு பக்கம் கூராகிவிடும். பழைய வீல் வாங்குகிறவர்கள் ரிம்மின் பளபளப்பைப் பார்க்காமல் முதலில் அந்தப் பல்லைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்ல வேண்டும். எனக்கு வந்ததில் பல் தட்டையாகவே இருந்தது. மாலிப்டினம் கலந்த கிரீஸை மெல்லியதாகத் தடவினேன். தாராளமாக அப்பினால் வீல் சுற்றும்போது சிதறி, பக்கத்திலேயே இருக்கும் பிரேக் ஷூவில் போய் ஒட்டும்.

பேரிங்குகள் கூம்பு உருளை வகை. இரண்டு பேரிங்குக்கும் நடுவில் இருக்கும் வளையத்தின் தடிமன்தான் இறுக்கத்தை முடிவு செய்யும். புதுப் பேரிங் போட்டதும் வீல் லேசாக ஆடியது, லேத்தில் அந்த வளையத்தைக் கொஞ்சம் தேய்த்துச் சரி செய்தோம். முன் டிஸ்க்கைப் பழைய வீலிலிருந்து மாற்றியது சுலபம். ஸ்பீடோ கேபிள் கியர்பாக்ஸிலிருந்தே வருவதால் வீல் மாறியதில் அதற்கு ஒன்றுமில்லை. நிப்பிளுக்கு வெளியே நீட்டிய கம்பி நுனிகளை ட்யூபைக் குத்தாதபடி அரத்தால் தேய்த்து, மேலே ரப்பர் பட்டை சுற்றினோம். முன் டயர் 3.25-19, பழைய புல்லட் அளவேதான், எந்தக் கடையிலும் கிடைக்கும். பின்னால் 4.00-18க்குத்தான் காத்திருக்க வேண்டியிருந்தது.

முதல் ஓட்டம் மயிலாடுதுறை வரை. பள்ளத்தில் இறங்கும்போது அலாயில் வரும் அந்த 'டொம்' இல்லை. ஆனால் குத்தாலம் தாண்டி ரோட்டில் வைக்கோல் பரப்பியிருந்தார்கள். அலாயில் இது ஒரு விஷயமே இல்லை. கம்பியில் அத்தனையும் சுற்றிக்கொண்டது. ஓரமாக நிறுத்திப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது களத்திலிருந்து ஒரு பையன் ஓடி வந்து கூடவே பிடுங்கினான். பாதியில் நிறுத்திவிட்டு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் எட்டிப் பார்த்தான்.

"அண்ணே, செயின் அறுந்து விழுந்துருச்சா?"

300 கிலோமீட்டர் கழித்துப் பாயிடம் கொண்டுபோனேன். தட்டிப் பார்த்ததில் பின் வீலில் ஏழு கம்பி தளர்ந்திருந்தது, முன்னால் இரண்டு. இறுக்கிக் கொடுத்து, குறுவை நடவு முடிந்ததும் இன்னொரு தடவை வரச் சொல்லியிருக்கிறார்.