அறை வெப்பநிலை எத்தனை டிகிரி? சேலத்திலிருந்து ஹைடல்பெர்க் புற்றுநோய் ஆய்வகத்துக்கு

சேலத்தில் எம்.எஸ்சி. முடித்து, ஜெர்மனியில் புற்றுநோய் ஜீன் ஆய்வுக்கு இடம் கிடைத்துப் பெட்டி கட்டும் பிள்ளைகள் முதலில் கேட்பது, "எந்த ஜீனைப் படித்துக்கொண்டு வரணும்?" என்றுதான். ஜீனை வந்த பிறகும் படிக்கலாம். முதல் ஆறு மாதத்தைத் தின்பவை செய்முறைத் தாளில் யாரும் எழுதிவைக்காத சங்கதிகள்.

ஒரு புரதம் டி.என்.ஏ.வில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்கும் சோதனை சிப். புரதத்தை டி.என்.ஏ.வோடு பிணைத்து வைக்கச் செல்கள் மேல் 1 சதவீத ஃபார்மால்டிஹைடு, "அறை வெப்பநிலையில் 10 நிமிடம்" என்று தாளில் இருக்கும். அந்த அறை 20 முதல் 25 டிகிரி. சித்திரை மாதச் சேலத்தில் ஏ.சி. இல்லாத அறை மேசையில் அது 34, 35 டிகிரி. சூடு ஏற ஏறப் பிணைப்பு வேகமாகும். அளவுக்கு மீறிப் பிணைந்த குரோமாட்டின், அதாவது டி.என்.ஏ.வும் புரதமும் சேர்ந்த இழை, அதைத் துண்டாக்கும் ஒலியலைக்கு உடையாது. வெயிலுக்காக ஊரில் நேரத்தைக் குறைத்துப் பழகியவர், அதே கணக்கை இங்கே ஜனவரியில் போட்டால் பிணைப்புப் போதாமல் புரதம் கழுவலோடு போய்விடும். ஆகவே தாளில் வெப்பநிலையை எண்ணாகக் குறியுங்கள்.

பத்து நிமிடம் முடிந்ததும் 125 மில்லிமோலார் கிளைசீன், 5 நிமிடம். மிஞ்சிய ஃபார்மால்டிஹைடை அது வாங்கிக்கொள்ளும். ஒலியலைக் கருவியில் 30 விநாடி ஓட்டம், 30 விநாடி ஓய்வு. குழாய் எப்போதும் குளிர்ச்சியில். நுரை கிளம்பினால் நிறுத்திவிடுங்கள், நுரைக்குள் ஆற்றல் இறங்காது. கொஞ்சம் எடுத்து 65 டிகிரியில் ராத்திரி முழுக்க வைத்துப் பிணைப்பை அவிழ்த்து, 1.5 சதவீத அகரோஸ் ஜெல்லில் ஓட்டுங்கள். 200 முதல் 500 பேஸ்பேர் (டி.என்.ஏ. நீளத்தின் அலகு) வரை மங்கலான பட்டை விழ வேண்டும். 1000க்கு மேலேயே நின்றால், தேடும் புரதத்தைப் பிடித்தெடுக்கும் ஆன்டிபாடியைத் தொடாதீர்கள். அதற்குமேல் செய்வதெல்லாம் வீண் செலவு.

ஜெல் காய்ச்சுவது ஜவ்வரிசி ஊருக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கண்ணாடி மாதிரி தெளியும்வரை காய்ச்ச வேண்டும், மணி மணியாக மிதக்கக் கூடாது. ஒரே எச்சரிக்கை: பஃபர் என்ற உப்புக் கரைசலுக்குப் பதில் வெறும் தண்ணீரில் காய்ச்சிவிட்டால் டி.என்.ஏ. ஒழுங்காக ஓடாது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், அதனால் குடுவையில் பெயர் எழுதுங்கள்.

டி.என்.ஏ.வைப் பல பிரதியாக்கும் பி.சி.ஆர். வராவிட்டால் மெக்னீசியத்தைப் பாருங்கள். சேலத்து வெள்ளைக்கல்லில் இருக்கிற அதே மெக்னீசியம் இல்லாமல் அந்தப் பிரதியை எடுக்கும் டாக் பாலிமரேஸ் நொதி வேலை செய்யாது. வழக்கமான அளவு 1.5 முதல் 2 மில்லிமோலார். குறைந்தால் பட்டையே வராது, கூடினால் வேண்டாத பட்டைகள் வரும். டி.என்.ஏ.வை டி.இ. பஃபரில் கரைத்து வைத்திருந்தால் அதிலுள்ள ஈ.டி.டி.ஏ. மெக்னீசியத்தைப் பிடித்துக்கொள்ளும். பட்டை வரவில்லையே என்று டி.என்.ஏ.வை இன்னும் கூட்டிப் போடுபவர் உண்மையில் ஈ.டி.டி.ஏ.வைத்தான் கூட்டிப் போடுகிறார்.

இனிப் பெட்டி. சேலத்து மாம்பழமும் கறிவேப்பிலையும் தாவரச் சுகாதாரச் சான்று இல்லாமல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வராது. நெய், பால்கோவா, உப்புக்கண்டம் எதுவும் கூடாது. பால், இறைச்சிப் பொருள்களுக்குத் தடை. லீ பஜாரில் வாங்கிய மல்லி, மிளகாய், மஞ்சளை அரைத்துக் கட்டிக்கொள்ளுங்கள். வறுத்து அரைத்த ஏற்காட்டுக் காப்பித்தூள் வரட்டும். ஏற்காட்டுக் குளிருக்கு வாங்கிய ஸ்வெட்டரை மட்டும் நம்பி வராதீர்கள். அதற்கு மேலே காற்றுப் புகாத கோட்டு ஒன்று வேண்டும். அதை இங்கே வந்து வாங்குவதே நல்லது.

வீட்டில் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும். இதற்குப் பெயர் அன்மெல்டுங். வீட்டுக்காரர் கையெழுத்திட்ட குடியிருப்பு உறுதிச்சீட்டு இல்லாமல் பதிவு நடக்காது. வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது. வரி எண், வங்கிக் கணக்கு, விசா நீட்டிப்பு எல்லாம் இந்தப் பதிவைப் பிடித்துக்கொண்டு வருபவை. அதனால் வீடு பேசும்போதே "பதிவுக்குச் சீட்டு தருவீர்களா?" என்று கேளுங்கள், தயங்குகிறவர் வீடு வேண்டாம். விளம்பரத்தில் கால்ட்மீட்டே என்று இருந்தால் வெறும் வாடகை. சூடேற்றும் செலவும் தண்ணீரும் தனி. முன்பணம் அதன் மூன்று மடங்கு வரை கேட்பார்கள். பதிந்த சில வாரத்தில் வானொலி, தொலைக்காட்சிக் கட்டணக் கடிதம் வரும், வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ. டி.வி. இல்லை என்று குப்பையில் போடாதீர்கள், டி.வி. இல்லாத வீட்டுக்கும் அது உண்டு. ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். செல்களுக்கு ஞாயிறு கிடையாது. அரிசியைச் சனிக்கிழமையே வாங்கிவிட்டால் ஞாயிறு காலை செல்களின் மீடியத்தை, அதாவது ஊட்டக் கரைசலை, மாற்றப் போகலாம்.

ஊரிலிருந்து பேசும் சித்தி, "கேன்சருக்கு மருந்து கண்டுபிடிக்கறயா கண்ணு?" என்று கேட்பார். அவருக்கு இளம்பிள்ளைத் தறியை வைத்துச் சொல்லலாம். பாவு முழுக்க ஒரே மாதிரி இழைதான். எந்த இழை எப்போது மேலே எழ வேண்டும் என்பதை ஜக்கார்டு அட்டையிலுள்ள ஓட்டைகள் முடிவு செய்யும். உடம்பின் எல்லாச் செல்லிலும் அநேகமாக ஒரே டி.என்.ஏ.தான்; கல்லீரலும் தோலும் வேறுபடுவது எந்த ஜீன் எழுகிறது என்பதால். டெர்ட் என்ற ஜீன், குரோமோசோம் நுனிகளை நீட்டும் டெலோமரேஸ் நொதியின் முக்கியப் பாகத்தைத் தருகிறது. பெரும்பாலான உடற்செல்களில் அது அடங்கியே கிடக்கும். அந்த ஜீன் புரதத்தை எழுதத் தொடங்கும் இடத்துக்கு 124 அல்லது 146 எழுத்து முன்னால், ஒரு சி எழுத்து டி ஆக மாறினால், ஜீன்களை எழுப்பும் ஈ.டி.எஸ். வகைப் புரதங்கள் உட்காரப் புதிய இடம் உண்டாகிவிடுகிறது, ஜீன் எழுந்துவிடுகிறது. புரதத்தின் ஒரு எழுத்துகூட மாறவில்லை. அட்டையில் ஒரு ஓட்டை கூடியதுதான். மெலனோமா என்ற தோல் புற்றில் இதை 2013இல் இரண்டு குழுக்கள் ஒரே சமயத்தில் வெளியிட்டன. அவற்றில் ஒன்று ஹைடல்பெர்க்கில் உள்ள ஜெர்மன் புற்றுநோய் ஆய்வு மையத்தைச் சேர்ந்தது.

ஜீனைப் படித்தால் போதாது என்பதற்கு ஹீலா செல்களே சாட்சி. ஆய்வகங்களில் வளர்க்கும் இவை, 1951இல் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற நோயாளியின் கருப்பைவாய்ப் புற்றிலிருந்து வந்தவை. அவற்றில் புற்றைத் தடுக்கும் பி53 ஜீன் பழுதில்லாமல் இருக்கிறது, ஆனால் புரதம் நிற்பதில்லை. எச்.பி.வி. 18 வைரஸின் ஈ6 புரதம் அதை அழிவுக்கு அனுப்பிவிடுகிறது. இந்த வைரஸ்களுக்கும் கருப்பைவாய்ப் புற்றுக்கும் உள்ள தொடர்பைக் காட்டிய ஹரால்ட் சுர் ஹவுசன், இதே மையத்தைப் பல ஆண்டு தலைமை தாங்கி நடத்தியவர். 2008இல் நோபல் பெற்றார். வரிசையை மட்டும் படித்துவிட்டு "பி53 நன்றாக இருக்கிறது" என்று எழுதுபவர் பாதிதான் பார்த்திருக்கிறார்.

பி53 சிப் செய்தால் ஒப்பிட்டுப் பார்க்கக் கட்டாயம் இருக்க வேண்டியவை, பி53 நீக்கப்பட்ட எச்.சி.டி.116 என்ற குடல் புற்றுச் செல்கள். அவற்றிலும், பி53 வழக்கமாக உட்காரும் பி21 ஜீனின் புரமோட்டரில் (ஜீனை எழுப்பும் பகுதியில்) சமிக்ஞை வந்தால் உங்கள் ஆன்டிபாடி வேறு எதையோ பிடிக்கிறது என்று அர்த்தம். ஆர்.என்.ஏ. அளவுகளை ஒப்பிட, மாறாத அளவுகோலாகப் பலரும் கண்ணை மூடிக்கொண்டு ஜி.ஏ.பி.டி.எச். ஜீனை எடுக்கிறார்கள். அது தருவது சர்க்கரையை உடைக்கும் பாதையின் நொதி. புற்றுச் செல்களில் அந்தப் பாதையே மாறுகிறது. நகரும் கல்லை அளவுக்கல்லாக நடுவது போலாகும். இரண்டு மூன்று ஜீன்களைச் சோதித்து, உங்கள் செல்லில் அசையாதவற்றை எடுங்கள்.

ஆய்வகத்தில் பழக நேரமெடுப்பது "சரிங்க சார்". தலைவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது ஒரு வாரத்தில் வந்துவிடும். புரியாததற்குத் தலையாட்டும் பழக்கம் லேசில் போகாது. கூட்டத்தில் வெட்டாத ஜெல் படத்தைக் காட்டுங்கள், தோற்ற சோதனையை முதலில் காட்டுங்கள். இங்கே அது அவமரியாதை இல்லை. மூன்று வாரம் மறைத்து வைப்பதுதான் தவறு. நோட்டுப் புத்தகம் ஆய்வகத்துச் சொத்து, நீங்கள் போகும்போது அது போகாது. ஜெர்மன் ஆய்வு நெறிப்படி தரவுகள் பொதுவாகப் பத்து ஆண்டு பாதுகாக்கப்பட வேண்டும். "அன்று செய்தது போலவே" என்று எழுதினால் பத்து ஆண்டு கழித்துப் பார்ப்பவருக்கு ஒன்றும் விளங்காது.

கோடையில் ஊர் நேரம் மூன்றரை மணி முன்னால், குளிர்காலத்தில் நாலரை. மாலை ஆறு மணிக்கு இங்கே கை கழுவினால் வீட்டில் ஒன்பதரை அல்லது பத்தரை. அம்மா தூங்கிவிடுவார். மதியம் ஆன்டிபாடி ஊறும் ஒரு மணி நேரத்தை வீட்டுக்கென்று வையுங்கள்.

ஊருக்குப் போகும் முன் செல்களை உறைய வையுங்கள். குழலுக்கு 10 முதல் 20 லட்சம் செல்கள், உறையும்போது செல்லைக் காக்கும் 10 சதவீத டி.எம்.எஸ்.ஓ. நிமிடத்துக்கு ஒரு டிகிரி இறங்கும் பெட்டியில் மைனஸ் 80க்கு, மறுநாள் திரவ நைட்ரஜனுக்கு. வேகமாக உறைந்தால் செல்லுக்குள் பனிப் படிகம் உண்டாகி அது செத்துவிடும். டி.எம்.எஸ்.ஓ. சேர்த்த பிறகு மேசையில் வைத்துவிட்டுப் பேசிக்கொண்டு நிற்காதீர்கள். குழலில் பெயர், தேதி, எத்தனையாவது முறை பிரித்தது, மைக்கோபிளாஸ்மா (செல்களைத் தொற்றும் நுண்ணுயிரி) சோதனை முடிவு எழுதுங்கள். பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு ஒரு குழலை எடுத்து உருக்கி, மறுநாள் காலை செல்கள் அடியில் ஒட்டியிருக்கின்றனவா என்று பாருங்கள். ஒட்டியிருந்தால் டிக்கெட்டை அச்சடிக்கலாம்.