டிடிபி பிராக்டிகலில் லேயர்: எதற்கு, எத்தனை, எந்த வரிசையில்

ஐடிஐ-யில் டெஸ்க்டாப் பப்ளிஷிங் ஆபரேட்டர் படிப்பவர்களும் சரி, தனியார் சென்டரில் டிடிபி முடித்துவிட்டுத் தேர்வுக்கு உட்காருபவர்களும் சரி, பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் பயப்படுவது டேபிளுக்கும் ஸ்டைலுக்கும்தான். லேயரை, அதாவது கண்ணாடித் தாள் மாதிரி பக்கத்தின்மேல் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் அடுக்கை, யாரும் கண்டுகொள்வதில்லை. எஃப்7 தட்டினால் பேனல் வரும், மறைக்கக் கண் இருக்கும், நகராமல் வைக்கப் பூட்டு இருக்கும், ஃபோட்டோஷாப்பில் பார்த்ததுதானே என்று விட்டுவிடுவார்கள். பிராக்டிகலின் கடைசிக் கால் மணி நேரத்தில் காலை வாருவது அதுதான்.

எனக்கு வந்த கேள்வி, பள்ளி ஆண்டு விழா அழைப்பிதழ், தமிழிலும் ஆங்கிலத்திலும். படம், பார்டர், லோகோ எல்லாம் பொது. எழுத்து மட்டும் மாறும். பக்கத்து சிஸ்டத்தில் இருந்தவர் தமிழை முடித்துவிட்டு சேவ் ஆஸ் கொடுத்து ஆங்கிலத்தை ஆரம்பித்தார். தப்பில்லை. ஆனால் எக்ஸாமினர் வந்து, “லோகோவைக் கொஞ்சம் இடது பக்கம் தள்ளுங்க” என்றதும் இரண்டு ஃபைலிலும் தள்ள வேண்டியிருந்தது. நான் ஒரே ஃபைலில் நாலு லேயர் வைத்திருந்தேன்: அடியில் பேக்ரவுண்டு, அதன்மேல் படங்கள், மேலே தமிழ், அதற்கும் மேலே ஆங்கிலம். ஒரு கண்ணை மூடி இன்னொன்றைத் திறந்தால் அடுத்த வெர்ஷன் தயார்.

இதில் அச்சுக்கூடத்துக்கு ஒரு லாபம் இருக்கிறது. வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) சொன்னால் எடுபடும். இரண்டு மொழி எழுத்தையும் வெறும் கறுப்பில், அதாவது கே 100-இல் மட்டும் வைத்தால், நிறத்துக்கு ஒன்றாகச் செய்யும் அச்சுத் தகடுகளில் சியான், மெஜந்தா, மஞ்சள் பிளேட்டுகள் இரண்டு வெர்ஷனுக்கும் பொது. கறுப்பு பிளேட்டை மட்டும் மாற்றினால் போதும். சிவகாசி காலண்டரில் படத்தை மொத்தமாக அடித்துவைத்துவிட்டு, கடைப் பெயரைப் பிறகு தனியாக அடிப்பதும் இந்த வழியில்தான். எழுத்தை நாலு நிறமும் கலந்த கறுப்பில் வைத்தால் இந்த லாபம் போச்சு.

லேயரை முதலிலேயே போட்டுவிடுங்கள், ஒரு படம்கூட பிளேஸ் செய்வதற்கு முன்னால். பெயரும் வையுங்கள், ‘லேயர் 1’, ‘லேயர் 2’ என்று விட்டால் கடைசியில் நீங்களே தேடுவீர்கள். பேனலில் பேனா படம் எந்த லேயரில் இருக்கிறதோ, புதிதாக வரைவதெல்லாம் அங்கேதான் போகும். ஒவ்வொரு லேயருக்கும் ஒரு நிறம் உண்டு. ஃப்ரேமைத் தேர்ந்தெடுத்தால் அதன் ஓரம் அந்த நிறத்தில் தெரியும். இடம் மாறி உட்கார்ந்ததை வெட்டி ஒட்ட வேண்டாம். அதைத் தேர்ந்தெடுத்தால் பேனலில் லேயர் பெயருக்கு நேரே ஒரு சின்னச் சதுரம் வரும். அதைப் பிடித்து வேறு லேயருக்கு இழுத்தால் பொருள் பக்கத்தில் இம்மியும் நகராமல் லேயர் மட்டும் மாறும்.

பக்க எண் காணாமல் போவது எல்லா பேட்சிலும் நடப்பது. மாஸ்டர் பேஜில் (எல்லாப் பக்கத்திலும் வர வேண்டியதை ஒரே முறை வைக்கும் பக்கம், புதுப் பதிப்பில் பேரண்ட் பேஜ்) எண் போட்டிருப்பார்கள். பக்கம் நிறைய ஒரு படம் வைத்ததும் எண் மறைந்துவிடும். ஒரே லேயருக்குள் மாஸ்டரில் உள்ளவை எப்போதும் அடியில்தான் கிடக்கும். மாஸ்டர் பேஜிலேயே எண்ணை மேல் லேயருக்கு மாற்றினால் எல்லாப் பக்கத்திலும் படத்தின் மேல் வந்துவிடும். பலர் ஒவ்வொரு பக்கமாகப் போய் டெக்ஸ்ட் பாக்ஸ் வரைந்து எண்ணைத் தட்டுவார்கள். எக்ஸாமினர் நடுவில் ஒரு பக்கத்தைச் சேர்க்கச் சொன்னால் அதோடு சரி.

இன்னொன்று, டெக்ஸ்ட் ராப், அதாவது எழுத்து படத்தைச் சுற்றி விலகி ஓடுவது. ஒரு படத்துக்கு ராப் கொடுத்து அந்த லேயரை மறைத்தால், படம் போகும், எழுத்து மட்டும் இல்லாத படத்தைச் சுற்றி விலகியே நிற்கும். லேயர் பெயரை டபுள் கிளிக் செய்து, மறைத்திருக்கும்போது டெக்ஸ்ட் ராப்பை விலக்கும் ஆப்ஷனுக்கு டிக் போட்டால் தீர்ந்தது.

லேயர் ஃபைல் முழுமைக்கும் பொது, பக்கத்துக்கு ஒன்று அல்ல. முதல் பக்கத்தில் நின்றுகொண்டு ஒரு லேயரை டெலிட் செய்தால் எட்டாம் பக்கத்தில் இருப்பதும் சேர்ந்து போகும். எச்சரிக்கை வரும், தேர்வு அவசரத்தில் படிக்காமல் ஓகே தட்டிவிடுவோம். வேறு வேறு லேயரில் உள்ளவற்றை குரூப் செய்தால் எல்லாமே மேல் லேயருக்கு ஏறிவிடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

எத்தனை லேயர்? ஒரு பக்க நோட்டீஸுக்குப் பத்து லேயர் போட்டால் மார்க் கூடும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. அப்படியெல்லாம் இல்லை. எது தனியாக மாறுமோ, எதைத் தனியாக மறைக்கவோ பூட்டவோ வேண்டுமோ, அதற்கு மட்டும் லேயர். முன்னே பின்னே அடுக்குவதற்கு பிரிங் டு ஃப்ரண்ட் இருக்கிறது.

எழுத்து லேயரை மேலே வைக்கச் சொல்வதன் காரணம் வைவாவில் வரலாம். நிழல் மாதிரியான டிரான்ஸ்பரன்ஸி (அடியில் உள்ளது ஊடே தெரியும் தன்மை) எழுத்துக்கு மேலே வந்தால், அதை அடியில் உள்ளதோடு ஒன்றாக்கி ஃபிளாட்டன் ஆகும்போது அந்த இடத்து எழுத்து படமாகவோ தடித்தோ போகலாம். அச்சுக்கு அனுப்பும் பிடிஎஃப் வகையான பிடிஎஃப்/எக்ஸ்-1ஏ-யில் டிரான்ஸ்பரன்ஸிக்கு அனுமதி இல்லாததால் ஃபிளாட்டன் கட்டாயம் நடக்கும்.

எக்ஸ்போர்ட் செய்யும்போது எல்லா லேயருமா, தெரிபவை மட்டுமா என்று ஒரு தேர்வு இருக்கும். ‘எல்லாம்’ என்று கிடந்தால் தமிழும் ஆங்கிலமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். பிரிண்ட் ஆகாத லேயரின் பெயர் பேனலில் சாய்வெழுத்தில் இருக்கும். பிடிஎஃப்பில் ஏதாவது காணோமென்றால் முதலில் அதைப் பாருங்கள்.