மீதி நூற்றெண்பது

அக்டோபர் 3
காட்பாடியில் இறங்கும்போது விடிகாலை மூன்றே முக்கால். ஆட்டோக்காரர் முதுகுப்பையைப் பார்த்து, "பேஷண்டோட வந்தீங்களா சார்?" என்றார். ஆமாம் என்றேன்.

அக்டோபர் 4
அம்மாவின் ரிசல்ட் வரவில்லை.

அக்டோபர் 6
ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து மறுபடி அதே நடைக் கணக்கு. மார்ச்சில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து ஸ்பிரிங்கர் மலையில் நடையைத் தொடங்கினேன். அங்கிருந்து மெய்ன் மாநிலத்து மான்சன் வரை வந்தாயிற்று. அப்பலாச்சியன் பாதை மொத்தம் ஏறத்தாழ 3,500 கி.மீ. பாதை முடிகிற கட்டாடின் மலை உச்சிக்கு மீதி 180க்குக் கொஞ்சம் மேல். பாதைச் சங்கத்துக்கு எந்த வரிசையில் நடந்தாய், எத்தனை வருஷம் எடுத்தாய் என்பதெல்லாம் பொருட்டே இல்லை. முழுதும் நடந்தேன் என்று எழுதிக் கொடுத்தால் பெயரைச் சேர்த்துக்கொள்வார்கள். சாட்சி கேட்பதில்லை. ஆனால் 'த்ரூ ஹைக்', ஒரே மூச்சில் முழு நடை, என்று சொல்ல வேண்டுமானால் 12 மாதத்துக்குள் முடிக்க வேண்டும். வருகிற மார்ச்சில் கட்டாடின் முழுக்கப் பனியாக இருக்கும்.

சரி, அதுகூடப் போகட்டும். வர்ஜீனியாவில் அந்த லாரி.

அக்டோபர் 7
சாமான் வாங்க ஊருக்குள் வண்டியில் லிஃப்ட் கேட்டுப் போய்வருவது எல்லோரும் செய்வதுதான். விட்ட இடத்திலேயே மறுபடி நடையைத் தொடங்க வேண்டும், அவ்வளவுதான். திரும்பும்போது அந்த லாரிக்காரர் என்னைப் பாதை குறுக்கிடும் அடுத்த சாலையில் இறக்கிவிட்டார். நான் வாயே திறக்கவில்லை. செம மழை. நடக்காமல் விட்டது மூன்று கிலோமீட்டர். வழி காட்ட மரங்களில் இரண்டு அங்குல அகலம், ஆறு அங்குல உயரத்துக்கு வெள்ளைக் கோடு போட்டிருப்பார்கள். அந்த மூன்று கிலோமீட்டரில் எத்தனை கோடோ, ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

யாருக்கும் தெரியாது. அதுதான் தொல்லை.

அக்டோபர் 9
வலது பெருவிரல் நகம் விழுந்துவிட்டது. கறுத்து, ஓரம் சுருண்டு, காய்ந்த வெங்காயச் சருகு மாதிரி. எறிய மனசு வரவில்லை. கையில் இருந்த மருந்துச் சீட்டில் மடித்து வைத்தேன்.

அக்டோபர் 11
அம்மா தெளிவாகப் பேசினாள். "முடிச்சிட்டியாடா?"

லாரிக் கதையைச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டே கேட்டாள். அப்புறம், "நூத்தியெட்டு கிரிவலம் கணக்கு வெச்சேன் இல்ல, அதுல ஒரு தடவை வாயு லிங்கத்தாண்ட மயக்கம். உங்கப்பா ஆட்டோவுல ஏத்தி குபேர லிங்கத்துல எறக்கினாரு."

"அதையும் கணக்குல சேத்தியா?"

"சேத்தேன். ஆனா நூத்தியொம்பதாவதா ஒண்ணு போனேன்."

14 கி.மீ., வெறுங்காலோடு. இதை ஏன் இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லவில்லை?

அக்டோபர் 12
வேலூர்க் கோட்டையை ஒரு சுற்று நடக்கலாம் என்று போனேன். அகழியோரம் பாதி தூரம் போனதும் வார்டிலிருந்து போன். திரும்பி ஓடினேன்.

அக்டோபர் 13
ரிசல்ட் வந்தது.

அக்டோபர் 15
கட்டாடின் அடிவாரத்தில் கூடாரம் போடும் பருவம் இந்த மாதத்தோடு முடிகிறது.

அம்மா கட்டிலிலிருந்து ஜன்னல் வரை நடந்தாள். திரும்ப முடியவில்லை, சக்கர நாற்காலி கேட்டாள். "போனது கணக்கும்மா" என்றேன்.

"வந்தாதான்டா கணக்கு."

அக்டோபர் 16
மேஜையில் இருந்த சீட்டை எடுத்துக்கொண்டு சித்தி மருந்து வாங்கப் போயிருக்கிறாள். நகம் அதில்தான் இருக்கிறது.